ஐந்து கிலோமீட்டர் பகை

என் மச்சானை மண்ணைக் கவ்வ வைக்கிற வரைக்கும் முகச்சவரம் செய்வதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். மத்தியானம் கன்னம் அரித்தது. சவரம் செய்துகொண்டேன். பகையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தராசு பழுது பார்க்கிறவர். நான் நடுரோட்டில் நின்றுபோன வண்டிகளைக் கயிறு போட்டு என் லாரியால் இழுத்து வருகிறவன். முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்தே செய்கிற வேலை. உடம்பும் உட்கார்ந்த இடத்திலேயே வளர்ந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சபதத்துக்கு முந்தின நாள் அவர் பட்டறைக்குப் போயிருந்தேன். சிமென்ட் மூட்டை நிறுக்கிற தராசு ஒன்றைச் சரிசெய்து தரையில் வைத்திருந்தார். சும்மா ஏறிப் பார்க்கலாம் என்று காலைத் தூக்கினேன்.

"மாப்ளே, மாப்ளே! இன்னிக்கு ஒரு காலை மட்டும் வைங்க. இன்னொரு காலை நாளைக்கு நிறுத்துக்கலாம்!"

பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். அப்போதுதான் டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். அவருக்கு விஷயமே தெரியாது.

எனக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. அதனால் யார் என்ன சொன்னாலும் மனசில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாணத்தன்று என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போனவர் முகம் வரைக்கும் பத்திரமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, மூணு மாசம் கழிச்சு குடும்ப ஓட்டப் பந்தயம் ஒண்ணு வைக்கறாங்க. வீட்டுக்கு மூணு பேர். அஞ்சு கிலோமீட்டர். நாங்க பேர் குடுத்துட்டோம். நீங்க ஓரமா நின்னு கை தட்டுங்க. நிக்க முடியலைன்னா நாற்காலி போடச் சொல்றேன்."

"நாற்காலியை நீங்களே போட்டுக்குங்க மச்சான். நானும் ஓடறேன். நீங்க தோத்தா என்ன பண்றீங்க?"

"நீங்க எப்ப வந்தாலும் எழுந்து நின்னு, கையைக் கூப்பி, 'வாங்க மாப்ளே'ன்னு சொல்றேன். சாகற வரைக்கும். நீங்க தோத்தா?"

"நீங்களே சொல்லுங்க."

"சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிடுவேன். நீங்க தராசுல ஏறணும். எடையை நான் சத்தமாப் படிப்பேன்."

"சரி" என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான் ஐந்து கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று விரல் விட்டு எண்ணினேன்.

பந்தயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று பேரில் கடைசியாக வருகிறவர் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அந்த வீட்டுக்கு நேரம். எங்கள் வீட்டில் மூன்று பேர். மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், இளவயசு, கவலை இல்லை. நான் வைராக்கியத்திலேயே ஓடிவிடுவேன். மிச்சம் என் மனைவி. துணிக்கடையில் விற்பனை வேலை. நாள் முழுக்க நிற்கிறவளுக்கு ஓட்டம் எங்கிருந்து வரும்? என் கணக்கில் அவள்தான் நடுரோட்டில் நின்றுபோகப்போகிற வண்டி.

"எனக்கு எதுக்குங்க ஓட்டம்? முட்டி வலிக்குது" என்றாள்.

"உங்க அண்ணன் என்னை என்ன சொன்னார் தெரியுமா?"

"தெரியாதே. என்ன சொன்னாரு?"

தராசுக் கதையைச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. எனக்கு நேர்ந்த அவமானத்துக்கு அழுகிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரி, வர்றேன். ஆனா தனியாப் பழக மாட்டேன். தினம் காலையில நீங்களும் கூட வரணும்."

"வர்றேன்."

"டீயில சர்க்கரை கிடையாது."

"அது எதுக்கு?"

"நீங்க போட்டுக்கிட்டா எனக்கும் ஆசை வரும். அப்புறம் உடம்பு போட்டுரும். அப்புறம் நீங்க தராசுல ஏறணும்."

"விட்டுட்டேன்."

"லாரி ஷெட் வாசல்ல பொட்டலம் பொட்டலமா வாங்கிக் கொறிக்கிறீங்களே, அது?"

"அதுவுமா? சரி. உனக்காக."

ஒரு பெண்ணை ஓட வைக்க எவ்வளவு பாடு பாருங்கள்!

மூன்று மாதம். தினமும் விடிந்ததும் தெருமுனையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும். நான் முன்னால், அவள் பின்னால். "மூச்சை நல்லா இழு, பயப்படாதே" என்று தைரியம் சொல்லிக்கொண்டே போவேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். அவள் மரியாதைக்கு நின்று காத்திருப்பாள்.

சில நாள் எழுந்திருக்க மனசு வராது. போர்வையை இழுத்து மூடுவேன். அன்றைக்கென்று பார்த்து மச்சானுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, போன் வந்துவிடும்.

"என்ன மாப்ளே, நேத்து ஓடினீங்களாமே? எங்க வீட்டுச் சுவத்துல விரிசல் விட்டிருக்கு."

அடுத்த நிமிஷம் நான் தெருவில் நிற்பேன்.

பந்தயத்தன்று என் ரகசியத் திட்டத்தை வெளியே எடுத்தேன். வண்டி இழுக்கிற பட்டைக் கயிறு. மூன்று டன் தாங்கும். ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மறு முனையை மனைவியின் இடுப்பில் கட்டினேன்.

"என்னங்க இது?"

"நீ நின்னுபோனாலும் நான் இழுத்துக்கிட்டுப் போயிருவேன். என் தொழிலே அதுதானே?"

விசில் வைத்திருந்தவரிடம் கேட்டேன். "குடும்பத்துக்குள்ள எப்படி வேணா கட்டிக்கிட்டு ஓடுங்க" என்றார்.

முதல் கிலோமீட்டரில் நான் முன்னால் போனேன். கயிறு விறைப்பாக இருந்தது. இரண்டாவதில் கயிறு தொய்ந்தது. பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று நினைத்தேன். மூன்றாவதில் கயிறு மறுபடி விறைத்தது. ஆனால் முன்பக்கமாக.

"ஏய், மெதுவாப் போ! முட்டி என்னாச்சு?"

"ஓடினா வலிக்கலைங்க!"

பக்கத்தில் ஓடிவந்த மகள் சொன்னாள்: "அப்பா, அம்மா கடையில துணி அடுக்கற ரூம் மூணாவது மாடியில இருக்கு. லிப்ட் ஓடி ஆறு வருஷமாச்சு. ஒரு நாளைக்கு நாப்பது தடவை மூட்டையோட ஏறி இறங்கறாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"தினம் சொல்வாங்கப்பா. நீங்க அப்ப மாமாவைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க."

நான்காவது கிலோமீட்டர் முழுக்க நான் இழுத்து வரப்பட்ட வண்டி. அதில் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் வளைவில் திரும்பியதும் முன்னால் ஒரு நீலச் சட்டை தெரிந்தது. மச்சான்! இடது பக்கம் அவர் மனைவி, வலது பக்கம் மகன். நடுவில் அவர், தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதப் பகையும் காலுக்கு இறங்கியது. கயிற்றை அவிழ்த்து எறிந்தேன்.

"ஏங்க, பாத்துங்க!"

"தள்ளு!"

ஓடினேன். சத்தியமாக நான்தான் ஓடினேன். வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஓடினேன். மச்சானைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினேன். கோட்டை நாங்கள் மூன்று பேரும் கை கோத்துத் தாண்டினோம். பதினொரு விநாடி கழித்து மச்சான் குடும்பம் வந்தது. மகள் கட்டிப்பிடித்துக் குதித்தாள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கை தட்டினார்கள்.

மச்சான் புல்லில் மல்லாந்து கிடந்தார்.

"எழுந்திருங்க மச்சான். பேச்சு பேச்சுதான்."

எழுந்தார். கையைக் கூப்பினார். "வாங்க மாப்ளே."

"காதுல விழலை."

"வாங்க மாப்ளே!"

மூன்று தடவை சொல்ல வைத்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு காலைப் பொழுது எனக்கு வந்ததில்லை.

மச்சான் வேர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவினார். கூடவே மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. எடுத்துப் பிரித்தேன். மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'அண்ணா, டாக்டர் இவரை நடக்கச் சொல்லி ரெண்டு வருஷம் ஆகுது. கெஞ்சிப் பாத்துட்டேன். இனிமே கோபப்பட்டாத்தான் எழுந்திருப்பார். கீழே எழுதியிருக்கிறதை நான் போன் பண்ற அன்னிக்கு ஒண்ணொண்ணா சொல்லு.'

கீழே வரிசையாக இருந்தன. ஒரு காலை மட்டும் வைங்க. டிக். நாற்காலி போடச் சொல்றேன். டிக். சுவத்துல விரிசல். டிக். டிக் இல்லாமல் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது.

'அஞ்சு கிலோமீட்டர் யார் வேணா ஓடுவாங்க மாப்ளே. பத்துன்னா ஆம்புலன்சுக்கும் சேத்துப் பேர் குடுத்துருங்க.'

எழுதியது என் மனைவிதான் என்று தெரியும். மச்சான் அதை இன்னும் வாயால் சொல்லவே இல்லை என்பதும் தெரியும். இருந்தும் ரத்தம் கொதித்தது. ஆம்புலன்சா? எனக்கா? நேராக அடுத்த பந்தயத்துக்குப் பெயர் எழுதுகிற மேசைக்குப் போய், "பத்து கிலோமீட்டர்! எழுதுங்க என் பேரை!" என்று தட்டினேன்.

மேசைக்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன வாரமே உங்க வீட்டம்மா எழுதிட்டுப் போயிட்டாங்களே ஐயா."