டிபன் டப்பாவில் கொண்டுபோன சேறு

சைக்கிளுக்குச் சேறு ஊட்டிப் பார்த்து வாங்கிய ஆள் இந்தப் பெங்களூரிலேயே ஒருத்தர்தான். எங்கள் விவேக் நகர் 'சேத்து சிஸ்டர்'. வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன்.

எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு கிளினிக்கில் நர்ஸ். வயது ஐம்பதைத் தாண்டும். பஸ்ஸுக்கு நின்று நின்று ஒரு நாள் வெறுத்துப்போனார்.

"இனிமே எவனுக்கும் நிக்க மாட்டேன்" என்றார். சைக்கிள் வாங்கக் கிளம்பினார். என் ஆட்டோவில்தான். மடியில் டிபன் டப்பா. சாப்பாடு என்று நினைத்தேன்.

கடைக்காரர் இரண்டு சைக்கிள் காட்டினார். ஒன்று ஆல்-ரோடு. டயர் ஒல்லி, தாரில் பறக்கும். இன்னொன்று கிராவல். டயர் தடி, மண்ணிலும் போகும்.

"ஆல்-ரோடு போதும் மேடம். சும்மா எதுக்கு வெயிட்டு?"

சிஸ்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே சேறு. அவர் போகிற சர்வீஸ் ரோட்டில் அள்ளியது. ஸ்பூனால் எடுத்து, ஆல்-ரோடு டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பினார். சக்கரத்தைச் சுற்றினார். நின்றுவிட்டது.

"ஐயோ மேடம்! புது வண்டி!"

"கடையிலயே நிக்குது. மழையில எங்கப்பா போவும்?"

கிராவலுக்கும் அதே வைத்தியம். நடுவில் இடம் அதிகம், சக்கரம் நிற்கவில்லை. சேறு கடைக்காரர் சட்டைக்குப் போனது.

"இது வேணும். டயர் மட்டும் ஒல்லியா மாட்டு. பாதி வழி தாருதான்."

"அவ்வளவு இடம் விட்டிருக்கறதே தடி டயருக்குத்தான் மேடம்."

"டயருக்கு இல்ல. சேத்துக்கு."

வீட்டில் சிஸ்டரின் அண்ணன் குதித்தார். "இந்த வயசுல சைக்கிளா? தெருவே சிரிக்குது."

"சிரிக்கட்டும். யாருக்குப் பல்லு சொத்தைன்னு பாத்துக்கறேன்."

கடைசியில் ஒரு பந்தயம். ஒரு நாள் ஆட்டோவில் வீடு வந்தாலும் சைக்கிளை விற்றுவிட வேண்டும். சிஸ்டர் சரி என்றார்.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. அண்ணன் ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார்.

"போய் ஏத்திக்கிட்டு வாப்பா. இன்னியோட அந்த சைக்கிள் கத முடிஞ்சுது."

எனக்குச் சவாரி. போனேன்.

மேலே மேம்பாலம். கீழே சர்வீஸ் ரோட்டில் தோண்டிப் போட்ட மண் களியாகிக் கிடந்தது. ஸ்கூட்டர்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். எதிரே சிஸ்டர் மிதித்து வந்தார். கண் தவிர எல்லாம் சேறு.

"ஏறுங்க சிஸ்டர்."

"அண்ணன் அனுப்புச்சாரா?"

"ஆமா."

"ஏற மாட்டேன்."

"இடி இடிக்குது சிஸ்டர்."

"காது கேக்குது."

ஆட்டோவைத் திருப்பப் பார்த்தேன். நகரவில்லை. முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அடைத்துவிட்டது.

சிஸ்டர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "வாங்கறப்ப இடம் பாத்து வாங்கினியா தம்பி?"

பையிலிருந்து அதே ஸ்பூனை எடுத்தார். மழையில் மண்டி போட்டுத் தோண்டினார். நான் தள்ளினேன். சக்கரம் விட்டது.

"நான் போற தடத்துலயே வா. அங்க இங்க ஒடிக்காத."

வாசலில் அண்ணன் குடையோடு நின்றார். முதலில் சைக்கிள் வந்தது. பின்னால் காலி ஆட்டோ.

"ஏன்டா ஏத்தல?"

"அவங்கதாங்க என்னைக் கூட்டிட்டு வந்தாங்க."

சிஸ்டர் மணியை மட்டும் அடித்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் அப்புறம் சைக்கிள் பேச்சே எடுக்கவில்லை.

என் சீட்டுக்கு அடியிலும் இப்போது ஒரு ஸ்பூன் கிடக்கிறது. சாயங்காலம் மழை இருட்டினால் சிஸ்டர் வருகிற அந்தப் பக்கம் சவாரி தேடுவேன். கிடைக்காவிட்டாலும் போவேன்.