நாற்பத்தெட்டு மரக்கால் நெல்லும் என் கணக்கும்

கணக்கே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் கட்டிவைக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் என்னை யாரும் கட்டிவைக்கவில்லை.

இன்டர்மீடியட் தேறிய கையோடு சுசீந்திரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பகவதியைக் கண்டதுமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பா வயல்காரர். முற்றத்தில் கடவம் எனும் பனையோலைப் பெட்டிகளை நிறைத்து நெல் அளந்துகொண்டிருந்தார்.

"மாப்பிள, நீரு கணக்குப் படிச்ச ஆளாமே! பெரிய கடவம் ரெண்டு, சின்னது மூணு. நெறச்சு அளந்தா இருவத்திநாலு மரக்கால். ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு பிடிக்கும்? சொல்லும் பாப்பம்."

"தெரியாதது ரெண்டு. சமன்பாடும் ரெண்டு இருந்தா ஒரே ஒரு விடை. இன்னொரு தடவ அளக்கணும்" என்றேன். அத்தோடு நின்றேனா? இந்த முறை ஒவ்வொரு கடவத்தையும் இரண்டு தடவை நிறைக்கச் சொன்னேன். (அளவு கூடினால் கணக்கும் பலப்படும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.) பகவதியின் அண்ணன்மார் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டி, வியர்க்க வியர்க்க அளந்தார்கள். நாற்பத்தெட்டு வந்தது.

முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கிக் கழித்தேன். பூஜ்யம் சமம் பூஜ்யம். மறுபடி கழித்தேன். அதே பூஜ்யம். தலையை நிமிர்த்தி அறிவித்தேன்: "இதுக்கு விடையே கிடையாது."

"அப்ப நாங்க இவ்வளவு நேரம் அளந்தது என்னதுவே?" என்றார் மூத்த அண்ணன்.

அடுக்களை ஜன்னலிலிருந்து பகவதியின் குரல் வந்தது. "விடை இல்லாம இல்லப்பா, எண்ணி முடியாத அளவுக்கு இருக்கு. பெருசு ஆறு, சின்னது நாலுன்னாலும் சரி. ஒம்பது, ரெண்டுன்னாலும் சரி. அவிய ஒரே கணக்கத்தானே ரெண்டு தடவ அளந்திருக்காவ? நாப்பத்தேழு வந்திருந்தாதான் விடை இல்லாம போயிருக்கும். சின்னப் பெட்டி ஒண்ண மட்டும் அளந்து பாருங்க, ஒரே விடை வந்திரும்லா?"

அளந்தார்கள். சின்னதில் நாலு; அப்படியானால் பெரியது ஆறு. எனக்கு அவமானத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. இவள் இனி கிடைக்க மாட்டாள் என்று செருப்பைத் தேடினேன்.

"ஏட்டி, நீ என்ன சொல்லுத?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார் அப்பா.

"எனக்குச் சம்மதம்ப்பா. தப்பக்கூட என்னா தைரியமாச் சொல்லுதாவ! கணக்க நான் பாத்துக்கிடுதேன்."

கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறது. வாக்குவாதத்தில் நான் சொன்னதையே குரலை உயர்த்தி மறுபடி சொன்னால், அவள் "நாப்பத்தெட்டு" என்பாள். பிள்ளைகள் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். மருமகனும் சிரிக்கிறான். அவன் கணக்கு வாத்தியார்.