நாற்பத்தொரு பெயர் சுமக்கும் கல்

ஸ்கந்தபுரம்,
மாசி 9.

அன்புள்ள மைத்துனர் சிவகரனுக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் நான் நலமில்லை, கோபமாக இருக்கிறேன். நீரும் பிரஷாந்தினியும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரில் வருத்தம் துன்பம் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு நீர்தான் எல்லாம் என்று, உம்முடைய அக்காவைப் புதைத்த இடத்தில் தலைமாட்டில் வைக்கிற கல்லை உம்மிடம் விட்டேன். நீங்கள் எல்லோரும் வட்ஸ்அப்பில் கூடித் தயாரித்த மாதிரியை, கிளிநொச்சியில் கல் வெட்டுகிற விஜிதரன் தன் கடைச் சுவரில் பெரிதாக ஒட்டிக் காட்டினான். அதில் உள்ள படத்தில் என் ஞானேஸ்வரியின் மூக்குக்கண்ணாடியை யார் கழற்றியது? முப்பது வருடம் போட்ட கண்ணாடி, அது இல்லாவிட்டால் என்னையும் மாட்டையும் பிரித்தறிய மாட்டாள். கழுத்தில் யாருடையதோ பதக்கச் சங்கிலி, உடம்பில் யாருடையதோ பட்டுச் சேலை. துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக் கமலாசனி, ஞானேஸ்வரியோடு இருபது வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவள், படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “வடிவான மனுசி. ஆரண்ணை இவா?” என்று கேட்டாள்.

அதற்குக் கீழே ‘குடும்பத்தின் குத்துவிளக்கே’ என்று ஒரு கவிதை. உம்முடைய அக்கா என்ன சொல்லிவிட்டுப் போனாள்? “அடுப்படியில நான் வெந்தது காணும், என்னை எரிக்காதேங்கோ, புதையுங்கோ.” அதற்காகத்தான் வழக்கத்தை விட்டுப் புதைத்தோம். அவளைப் போய் விளக்காக்கி வைத்திருக்கிறீர்களே!

பிறகு பெயர்கள். மரண அறிவித்தலில் இருந்த நாற்பத்தொரு பெயரும் நாட்டோடு கல்லில் ஏறிவிட்டன. விமலேஸ்வரி (லண்டன்), ஜனார்த்தனன் (நோர்வே) என்று போகிறது. சுவிசில் பிறந்து ஒரு மாதமான குழந்தையும் ஆற்றொணாத் துயரில் இருக்கிறதாம். ஜனார்த்தனன் இடையில் லண்டனுக்கு மாறிவிட்டாராம், திருத்தட்டாம். நாளைக்கு அவர் மெல்பேணுக்குப் போனால் நான் உளியோடு மயானத்துக்கு ஓடுவதா? விஜிதரன் தலையைச் சொறிந்துகொண்டு, “ஐயா, அம்மான்ர பேரைக் கொஞ்சம் சின்னனாக்கினால்தான் எல்லாருக்கும் இடம் வரும்” என்றான். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எனக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை, இந்தக் கடிதத்தையே கொட்டை எழுத்தில்தான் எழுதுகிறேன். அவள் பெயரைச் சின்னதாக வெட்டினால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்துக் கல்லுக்குப் பூ வைத்துவிட்டு வீட்டுக்கு வருவதா?

ஆகவே படம் வேண்டாம், கவிதை வேண்டாம், ஒருவருடைய பெயரும் வேண்டாம். ‘ஞானேஸ்வரி’ என்று மட்டும், நான் வாசிக்கக்கூடிய அளவில் இருக்கட்டும். இதில் மாற்றமில்லை.

உம்முடைய பிள்ளைகள் படிப்பிலும் சுகத்திலும் ஒரு குறையுமில்லாமல் வளரட்டும்.

கோபத்துடன், ஆனால் அன்பு குறையாமல்,
உம்முடைய அத்தான்
இளையதம்பி

பி.கு: உறையில் போடுமுன் கமலாசனியைக் கூப்பிட்டு, விஜிதரன் தந்துவிட்ட பிரதியில் இருந்த அந்த நாற்பத்தொரு பெயரையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, “உங்கட பேரைக் காணேல்லையே அண்ணை” என்றாள். அறிவித்தலில் என் பெயர் மேலே தனியாக இருந்தது. கீழே இருந்த பட்டியலை மட்டும் எடுத்து ஒட்டும்போது விடுபட்டிருக்கும். நீர் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். ஆனாலும் மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னேன். சரி, படமும் கவிதையும் போனால் அவள் பெயரைச் சின்னதாக்காமலே இடம் வரும்; எல்லாப் பெயரையும் வெட்டட்டும், சுவிஸ் குழந்தையையும் சேர்த்து. கடைசியில் எனக்கும் ஒரு வரி விடச் சொல்லும். நாடு போடுகிற இடத்தில் மட்டும் வேறு மாதிரி: இளையதம்பி (இங்கேதான்).