ஏலாது அண்ணை

ஆக்லாந்து மாநகரத்தில் யாரையும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்காத ஒரே தமிழர் ஏலாது அண்ணைதான். யாழ்ப்பாணத்துக்காரர். லின்ஃபீல்டில் எங்கள் தெரு. தொழில், பஸ் ஓட்டுவது. கல்யாணத்தில் பார்த்தாலும் கறிக்கடையில் பார்த்தாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்களுக்கு என்ன ஏலாது?" என்ன முடியாது என்று அர்த்தம். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

உடம்புக்கு முடியாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது அவருடைய பொழுதுபோக்கு. நம் ஆட்களின் விண்ணப்பம் ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"டொக்டர் சுகம் கேட்டவுடன, கட்டிலால எழும்ப ஏலாத ஆளும் 'வெரி குட், தேங்க் யூ' எண்டு சொல்லும். பிறகு எப்பிடிக் குடுப்பாங்கள்?"

அதனால் அவருடைய கராஜில் ஒத்திகை நடக்கும். அண்ணை டை கட்டிக்கொண்டு, இஸ்திரி மேசைக்குப் பின்னால் அதிகாரியாக உட்காருவார். மலேசியாவிலிருந்து வந்த ஒரு முழங்கால் வலி ஆன்ட்டி, "ஓகே தான் லா, நடக்குறேன்" என்றார். அண்ணை அவரை வெளியே அனுப்பி, மறுபடி கதவைத் தட்டிவிட்டு வரச் சொன்னார். மூன்றாவது தடவை ஆன்ட்டிக்கு வந்த கோபத்தில் முழங்காலின் முழு வரலாறும் கொட்டிவிட்டது. அண்ணை ஆனந்தமாக எழுதிக்கொண்டார்.

நான் அந்தக் கராஜ் பக்கமே போகவில்லை. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பாதிதான் திரும்பியிருந்தன. திமிர் மட்டும் முழுசாக இருந்தது. வாரம் இரண்டு தடவை டாக்சி பிடித்துப் பயிற்சிக்குப் போக வேண்டும். விட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். டாக்சிச் செலவுக்கு நானே விண்ணப்பித்தேன். டாக்டர் நலம் விசாரித்தார். "சூப்பர்!" என்றேன். நன்றாகச் சமாளிக்கிறார் என்று அவரும் எழுதிக் கொடுத்தார். சமாளிக்கிறவருக்கு டாக்சி எதற்கு என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி கவிதா விஷயத்தை அண்ணையிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். அன்றே வந்து நின்றார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையோட ஒஃபிஸ் பூட்டு. டொக்டரும் லீவில போறார். ஏற்கெனவே எடுக்கிற ஆக்களுக்குக் காசு தன்பாட்டில வரும். புதுசாக் கேக்கிறவன்ர பேப்பர்தான் நித்திரை கொள்ளும்."

"அமெரிக்காவுலதானே அண்ணே கவர்மென்ட்டை இழுத்து மூடுவாங்க?"

"அங்க சண்டை பிடிச்சுப் பூட்டுறாங்கள். இஞ்ச கடற்கரைக்குப் போகப் பூட்டுறாங்கள். விண்ணப்பம் போடுறவனுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

வியாழக்கிழமை என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் வழக்கம்போல் நலம் கேட்டார். என் வாய் தானாகத் திறந்து, "குட்" என்றது. அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இண்டைக்கு உங்கட சட்டைக்கு பட்டன் போட்டு விட்டது ஆர்?"

"கவிதா."

"அதை டொக்டருக்கு இங்கிலீஷில சொல்லுங்கோ."

சொன்னேன். பட்டனில் ஆரம்பித்து, சோறு பிசைய முடியாதது, மகளுக்குத் தலை பின்னிவிட முடியாமல் போனது வரைக்கும் சொன்னேன். பக்கவாதம் வந்த பிறகு அன்றுதான் முதல் தடவை அழுதேன். முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் நிம்மதியாக இருந்தது. டாக்டர் பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினார். வெள்ளி மதியம், கதவை மூடப்போகிற நேரத்தில் அண்ணை அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

அதிகாரிகள் விடுமுறை முடிந்து வந்து பதில் போட ஜனவரி கடைசி ஆகிவிட்டது. பயிற்சி நிலையம் அதற்கு முன்பே திறந்துவிட்டது. ஆனால் நான் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே அண்ணை தன் காரில் வந்து கூட்டிப்போவார். பழக்க தோஷம், ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் வேகத்தைக் குறைத்து, நிற்கிறவர்களைப் பார்த்துத் தலையசைப்பார்.

ஒருவழியாக உதவித்தொகை கிடைத்தது. கடிதம் வந்ததும் அண்ணையிடம் போனில் சொன்னேன். மறுநாள் பயிற்சிக்கு டாக்சி வந்து நின்றது. அதன் பின்னாலேயே அண்ணையின் காரும் வந்து நின்றது.

"மறந்துபோனன் தம்பி" என்று சொல்லிவிட்டு, அவசரமாக ரிவர்ஸ் எடுக்கப் பார்த்தார்.

டாக்சிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, அண்ணையின் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.