தறப்பாள் அக்கா பிரித்த பை

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் தறப்பாள் அக்காவின் கத்தரிக்கோலுக்குத் தப்பியது கடல் ஒன்றுதான். அதுவும் நீலமாக இருப்பதால் தப்பியது.

மழை வெயிலுக்கு மூடுகிற, பிளாஸ்டிக் நாரில் நெய்து கலர் கலராகக் கோடு போட்ட தறப்பாள் என்றால் அவருக்கு உயிர். அதை வெட்டிப் பை, சுவர்ப் பூ, கதிரை உறை என்று தைத்துத் தள்ளுவார். நீலம் மட்டும் ஆகாது. யாராவது நீலத் தறப்பாளைக் கொண்டு போனால் படலையிலேயே மறித்துவிடுவார்.

"அகதி முகாமில நீலத் தறப்பாளுக்குக் கீழதான் கிடந்தனாங்கள். இனியாவது வேற கலர் பாப்பம். கொண்டு போங்கோ!"

வேறு கலர் கண்ணில் பட்டால் விடமாட்டார். மீன் சந்தையில் ஐஸ் பெட்டியை மூடியிருந்த பச்சைத் தறப்பாளை, ஏலம் நடக்கும்போதே உருவி எடுத்தார்.

"அக்கா, மீன் பழுதாப் போயிடும்!" என்று வியாபாரி கத்தினார்.

"மீன் நாளைக்கும் வரும். இந்தப் பச்சை வருமே?" என்று சொல்லி, கையோடு கொண்டுவந்த புது நீலத் தறப்பாளால் மீனை மூடிவிட்டு நடந்தார்.

ஒருநாள் தோப்பூரிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறியை ஓட்டோவில் துரத்தினார். சீனன்குடாவில் லொறிக்காரர் பயந்துபோய் நிறுத்தினார்.

"என்னக்கா, டயர் கழண்டிட்டா?"

"டயர் கிடக்கட்டும் தம்பி. உந்தத் தறப்பாளின்ர கிழிஞ்ச மூலையை எனக்குத் தாங்கோ."

"அல்லாவே! இதுக்கா இவ்வளவு தூரம் கலைச்சீங்க?"

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கோடு ஓடிய அந்தத் துண்டில் ஒரு பை தைத்தார். யார் கேட்டும் அதை விற்கவில்லை. கோயிலுக்கும் அதுதான், கடைக்கும் அதுதான்.

எனக்குப் பந்தல் கட்டுகிற வேலை. அக்கா வருவதைக் கண்டால் ஏணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். எனக்குக் கதைக்கத் தொடங்க வராது. அவருக்கு நிறுத்த வராது.

போன மாரியில் எங்கள் முதலாளி கொழும்பிலிருந்து புதுப் பந்தல் தறப்பாள் எடுப்பித்தார். லொறியில் இருந்த அதே மூன்று கலர்க் கோடு. ஒரு கலியாண வீட்டில் அதை முதன்முதலாகக் கட்ட என்னை அனுப்பினார்.

"இதில ஒரு கீறல் விழுந்தாலும் நீ இனிக் கடைப்பக்கம் வரப்படாது. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன்.

கட்டி முடித்து இறங்குகிறேன், கடல் காற்று ஒரே அடியாக அடித்தது. பந்தலின் நடுவில் ஒரு முழம் கிழிந்து தொங்கியது. மறுநாள் கலியாணம். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி; பந்தலை விட்டால் வேறு தொழில் தெரியாது.

தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கிழிசலை விரித்துக் காட்டினேன்.

"ஐயோ, என்ன வடிவான சாமான்!" என்று முதலில் தறப்பாளைத் தடவினார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் தம்பி அழுறீங்கள்?"

"வேலை போயிடும் அக்கா."

அக்கா தன் பையிலிருந்த வெற்றிலை, குடை, திறப்புக் கொத்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். பையின் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

"அக்கா, அது உங்கட பையெல்லோ!"

"பேசாமல் இருங்கோ. உங்கட முதலாளி என்னைக் கண்டால் நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கிற மனிசன். அந்தாளின்ர பந்தலுக்கு என்ர பை! எல்லாம் என்ர தலைவிதி."

வாய் ஏசிக்கொண்டே இருந்தது. கை சிவப்போடு சிவப்பையும் மஞ்சளோடு மஞ்சளையும் பொருத்தித் தைத்தது. கடைசியில் மழை ஒழுகாமல் தையல்மேல் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டார். அன்றிரவே பந்தலைத் திரும்பக் கட்டினேன்.

மறுநாள் முதலாளி பெண்ணின் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சரியாக ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே நின்று கையை உயர்த்தினார். நான் ஏணிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"பாருங்கோ, கொழும்புச் சாமான். ஒரு பொட்டு ஒட்டு இல்லை!"

அப்போதுதான் ஏணிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

பந்தி நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த வீட்டார் அக்காவையும் அழைத்திருந்தார்கள். மற்ற எல்லோரும் இலையைப் பார்த்துச் சாப்பிட, அக்காவும் நானும் மட்டும் மேலே பார்த்தபடி இருந்தோம். ஒரு சொட்டும் விழவில்லை. பரிமாறியவரிடமிருந்து பாயாச வாளியை வாங்கினேன். கஜுப் பருப்பு கிடக்கிற இடமாகத் துழாவித் துழாவி அள்ளி, அக்காவின் கோப்பையை நிரப்பினேன்.