குச்சவெளிக்குப் போய் வந்த சைக்கிள்

என் மனைவி கமலாதேவி சொல்லும் ஒரு கதையை மூன்று வருடமாகச் சந்தேகித்து வருகிறேன். "எங்கடை இவர் ஒரே நாளிலை குச்சவெளிக்குச் சைக்கிளிலை போட்டு வந்தவர்." இதுதான் கதை. கதாநாயகன் நானே. அது பொய் என்பதும் எனக்குத் தெரியும். அவள் அதை நம்புகிறாளா என்பதுதான் சந்தேகம்.

ஐம்பத்து நான்கு வயது முடிந்த அன்று மோட்டார் சைக்கிள் வாங்குவதென்று தீர்மானித்தேன். குசினிக்குள் போய், சமைத்துக்கொண்டிருந்த கமலாவிடம் முழங்கினேன்.

"சந்திக் கடைக்கு நடந்தாலே உங்களுக்கு மூச்சு வாங்குது. மோட்டார் சைக்கிளோ?"

"என்ரை உடம்புக்கு என்ன குறை?"

"குறை இல்லையெண்டால் குச்சவெளிக்குச் சைக்கிளிலை போட்டு வாங்கோ. பிறகு கதைப்பம்."

ஞாயிறு காலை திருகோணமலையிலிருந்து, முப்பத்தைந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் குச்சவெளிக்குப் புறப்பட்டேன். வலப்பக்கம் கடல் மினுங்கியது. உப்புவெளியில் இரண்டு வெள்ளைக்காரர் கையசைத்தனர். நிலாவெளியில் சுற்றுலா வான்கள் ஹோர்ன் அடித்தன. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இருபது வயது குறைந்துவிட்டது. இறக்கக்கண்டிப் பாலத்தில் எதிர்க்காற்று அந்த இருபதையும் வட்டியோடு திருப்பித் தந்தது. முழங்கால்கள் இரண்டும் ராஜினாமா செய்தன.

பின்னால் பஸ் வந்து நின்றது.

"ஏறுங்க ஐயா. சைக்கிளப் பின்னால கட்டுறன்" என்றார் கொண்டக்டர்.

ஏறலாமா? இது என்னை நானே ஏமாற்றுவதல்லவா? பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே ஆழமாக யோசித்தேன்.

குச்சவெளிக் கடற்கரையில் சைக்கிளோடு ஒரு செல்பி. திரும்பும் பஸ்ஸின் கூரையில் மீன் பெட்டிகள். அதன் பின் ஏணியில் என் சைக்கிள். உப்புவெளியில் இறங்கி, வியர்வைக்குப் பதிலாக ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீடு வரை மிதித்தேன்.

கமலா சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்தாள். சீட்டில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தாள். மீன் செதில்.

"கடற்காத்து பலமோ?"

"பயங்கரம்."

"ஓம், செதிலெல்லாம் பறந்து வந்திருக்கு."

"ஓம் ஓம், அப்பிடித்தான். அப்ப மோட்டார் சைக்கிள்?"

"எழுவது கிலோமீற்றர் ஓடின கால்! இந்தக் காலை வைச்சுக்கொண்டு உங்களுக்கென்னத்துக்கு மோட்டார் சைக்கிள்?"

அன்றிலிருந்து மீனுக்குச் சைக்கிள், அரிசிக்குச் சைக்கிள். கந்தளாயிலிருக்கும் அவள் தங்கைகூட, "அத்தான், பஸ் என்னத்துக்கு? சைக்கிளிலை வாங்கோவன்" என்கிறாள்.

நேற்றுக் கிண்ணியாவிலிருந்து இரண்டு தயிர்ச்சட்டிகளை ஹாண்டிலில் தொங்கவிட்டு மிதித்து வந்தேன். கமலா சட்டிகளை வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் கேட்டேன்:

"இஞ்சேரும், அண்டைக்கு நான் பஸ்ஸிலை வந்தனான் எண்டு உண்மையைச் சொல்லியிருந்தால், மோட்டார் சைக்கிள் வாங்க விட்டிருப்பீரோ?"

"பஸ்ஸிலையோ? எழுவது கிலோமீற்றர் ஓடின மனிசன், பகிடி விடாதேங்கோ" என்றபடி கமலா அடுத்த தயிர்ச்சட்டிக்கான காசை என் சட்டைப் பையில் வைத்தாள்.