என் சுடிதாரை நானே இரவல் வாங்கிய கதை

மதுரை வெயிலில் பிடித்துப்போன கொள்கையை மூணாறு மழைக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் எஸ்டேட்டில் இன்றும் உதாரணமாகக் காட்டப்படுகிற ஆள் நான்தான்.

மதுரையில் பி.எட். படித்தபோது விடுதியில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண். அவள் பின்னால் ஒரே ஒரு கம்பி, அதில் விரல் விட்டு எண்ணக்கூடிய உடைகள். "துணி குறைந்தால் கவலை குறையும்" என்று சிரித்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. (அது சித்திரை மாதம். மின்விசிறி வேறு ஓடவில்லை. துணியைக் குறைக்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?)

படிப்பு முடிந்து மே மாதம் வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. கம்பெனி கொடுத்த லயத்து வீடு எங்களுடையது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். இங்கே தும்மினால் பக்கத்து வீட்டில் "என்னட்டி, சளியா?" என்பார்கள். எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே பீரோ. அப்பா முழங்காலால் முட்டுக் கொடுத்தால்தான் அதன் கதவு சாத்தும்.

வந்த இரண்டாம் நாளே பீரோவைத் தரையில் கவிழ்த்தேன். ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து, "நீ எனக்குத் தேவையா?" என்று கேட்க வேண்டும் என்பது முறை. கேட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏங்க, புள்ள துணிகிட்ட பேசுதா."

"துணி பதில் பேசுதா?" என்றார் அப்பா.

"இல்ல."

"அப்பம் பயமில்ல, விடு."

அம்மா தன் சேலைகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எஞ் சீலையத் தொட்டேன்னா ராத்திரி சோறு கெடையாது." அதனால் என் சீர்திருத்தம் என் துணிகளோடு நின்றது. எனக்கென்று இரண்டே சுடிதார், இரண்டு நைட்டி. மிச்சத்தையெல்லாம் வாசலில் குவித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தேன்.

லயமே திரண்டு வந்தது. முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா. அம்மாவோடு கொழுந்து பறிப்பவர். உடம்பு என்னில் பாதி, வாய் என்னைப்போல் நாலு மடங்கு. கல்லூரி ஆண்டுவிழாவுக்கு நான் ஆசையாகத் தைத்த அரக்குநிறச் சுடிதாரை உருவி எடுத்தார்.

"ஏட்டி, நெசமாவே வேண்டாமா? பொறவு வந்து கேக்கப்பிடாது."

"பொருள் மேல ஆசை வைக்கக் கூடாதுக்கா."

"அப்பிடியா? அப்பம் அந்தக் கம்மலையும் கழத்து."

காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். ஆனாலும் அன்று முழுவதும் பெருமிதம்தான். பீரோவை ஒற்றை விரலால் திறந்து ஒற்றை விரலால் மூடி மூடிப் பார்த்தேன்.

ஜூன் வந்தது. எடவப்பாதி என்று நாங்கள் சொல்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கியது.

எங்கள் ஊர் மழை பெய்துவிட்டுப் போகிற மழை இல்லை, குடியிருக்க வருகிற மழை. தகரக் கூரை ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். மஞ்சுமூட்டம் அழைக்காத விருந்தாளிபோல அடுப்படி வரை வரும். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, அதில் ஈரத்துணி தொங்கும். சாப்பிடும்போது முதுகில் ஒரு சொட்டு விழும். விறகுப் புகையும் ஈரத்துணியும் கலந்த அந்த வாசனையில்தான் பிறந்தேன், வளர்ந்தேன், பரீட்சைக்குப் படித்தேன். மதுரையில் இரண்டு வருஷம் இருந்ததில் அத்தனையும் மறந்துபோனது. அங்கே அடுத்த துணியைப் பிழிவதற்குள் முந்தின துணி காய்ந்துவிடும்.

அப்பா முழங்காலால் மூடிய பீரோ ஏன் அப்படிப் பிதுங்கியது என்று அப்போதுதான் உறைத்தது. உடம்பில் ஒன்று, வாளியில் ஒன்று, கயிற்றில் வாரக்கணக்காக நாலைந்து, அவசரத்துக்கு ஒன்று. அது பேராசை இல்லை, மழைக்கணக்கு.

அந்த நேரம் பார்த்து மூணாறில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. நாளை மறுநாள் இன்டர்வியூ, ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். எனக்குக் கொழுந்து பறிக்க வராது என்பது அம்மாவுக்கும் தெரியும், அட்டைப்பூச்சிகளுக்கும் தெரியும்.

ஒரு சுடிதார் கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டேன். முன்பக்கம் ஈரமாகவே இருக்க, பின்பக்கம் கருகியது. அம்மாவின் சேலை இருந்தது, ஆனால் அந்த ஜாக்கெட்டுக்குள் என்னைப்போல் இரண்டு பேர் நுழையலாம். கடைசியாக அப்பாவிடம் கெஞ்சினேன். "ஃபேக்டரியில தேயிலை காயப்போடுத மெஷினு இருக்குல்லா..."

"ஒன் சுடிதார் வாசம் டீத்தூள்ல ஏறிச்சுன்னா அப்புறம் எவன் குடிப்பான்?"

வேறு வழியில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பேச்சியக்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நான் சொல்வதை முழுக்க அனுபவித்துக் கேட்டார்.

"எந்தச் சுடிதாரு?"

"அந்த... அரக்குக் கலர்."

"ஓ, என் சுடிதாரா?"

"ஆமாக்கா. உங்க சுடிதாரு."

"தாரேன். கறை கிறை ஆக்கிராத. தொவச்சி, காயவச்சிக் குடுக்கணும்." காயவச்சி என்ற சொல்லை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

இன்டர்வியூ அன்று காலையில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பேச்சியக்கா அதைத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்திருந்தார். உபரித் துணியையும் வெட்டிவிட்டிருந்தார். அம்மாவும் பேச்சியக்காவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து என்னை உள்ளே திணித்தார்கள். மூச்சு விடலாம், கையைத் தூக்க முடியாது. ஜீப்பில் தேங்காய் மூட்டைபோல விறைப்பாக உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பில் பின்வரிசையில் தலைமையாசிரியையும் இன்னும் இருவரும். தலைப்பு பின்னக் கணக்கு. கையை இடுப்போடு ஒட்டவைத்துக்கொண்டு, கரும்பலகையின் அடிமட்டத்தில் எழுதினேன்.

"டீச்சர், மேல எழுதுங்க, காங்கல!" என்றது கடைசி பெஞ்ச்.

தூக்கினேன். 'டர்ர்ர்' என்றது. அக்குளிலிருந்து இடுப்பு வரை குளிர்ந்த காற்று நுழைந்தது. துப்பட்டாவை இழுத்து மூடி, கையை விலாவோடு அழுத்தி, சுவரில் சாய்ந்துகொண்டேன். இனி சுவரைவிட்டு முதுகை எடுப்பதில்லை என்று முடிவு.

"நான் ஏன் எழுதணும்? நீங்க வந்து எழுதுங்க. யாரு வர்றீங்க?"

அவ்வளவுதான். சாக்பீஸுக்குச் சண்டையே நடந்தது. ஒருத்தி எழுத, இன்னொருத்தன் தப்பென்று அழிக்க, மூன்றாவது ஆள் வந்து நியாயம் சொல்ல, நான் சுவரில் ஒட்டிய பல்லிபோல நின்று, "ஏன்? எப்படி?" என்று மட்டும் கேட்டேன். மணி அடித்தபோதும் பிள்ளைகள் பலகையைவிட்டு நகரவில்லை.

தலைமையாசிரியை எழுந்து வந்தார். மலையாளம் கலந்த தமிழில், "மத்தவங்க எல்லாம் தானே எழுதித் தானே பேசிட்டுப் போனாங்க. குட்டிகளைக் கொண்டு செய்யிச்சது நன்னாயி, கேட்டோ. இது எங்க படிச்சது?" என்றார்.

"மதுரையில மேடம்" என்றேன், விலாவை இன்னும் இறுக்கி.

வேலை கிடைத்துவிட்டது. இன்றும் அப்படித்தான் பாடம் எடுக்கிறேன், இப்போது கையைத் தூக்க முடிந்தாலும்.

அப்பா ஓய்வுபெற்றதும் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு டவுனில் வாடகைக்கு வந்துவிட்டோம். மாடியில் நல்ல கூரை, துணி சீக்கிரம் காய்கிறது, முதுகில் சொட்டுவதில்லை. மழை நாளில் சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். ஞாயிறு வந்தால் பேச்சியக்காவும் வந்துவிடுவார். விருந்தாளி யாராவது, பிள்ளைக்கு எப்படி வேலை கிடைத்தது என்று கேட்டால், அம்மா வாயைத் திறக்குமுன் அவர் சொல்லிவிடுவார்:

"வேலை என் சுடிதாருக்குல்லா கெடச்சிச்சு. இவ சும்மா உள்ள இருந்தா."